குடல் இறங்காத குடலிறக்கம்: ஒரு வலிக்குப் பேர் கிடைச்ச கதை

இன்னைக்கு எபிசோடுல ராஜா இல்லை, போர் இல்லை. ஒரு வலியோட வரலாறு. இந்த வலிக்குச் சரியான பேர் வைக்கறதுக்கு உலகத்துல இருக்கிற டாக்டர்களுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. அந்தப் பேர் இன்னும்கூட முழுசா முடிவாகலை.

உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தே ஆரம்பிப்போம். 2022ல கே.எல். ராகுல் இங்கிலாந்து டூர் போகாம ஜெர்மனிக்குப் போனார், ஆபரேஷனுக்கு. 2024 ஜனவரியில சூர்யகுமார் யாதவ் அதே ஜெர்மனிக்குப் போனார். 2025 ஜூன்ல அவர் திரும்பவும் அங்க போய், வலது அடிவயித்துல ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சதுன்னு அவரே சொன்னார். செய்தியைப் பார்த்த நிறைய பேருக்கு ஒரே சந்தேகம்தான். ஹெர்னியான்னா நம்ம தாத்தாவுக்கு வர்றது ஆச்சே? இவ்வளவு ஃபிட்டா இருக்கிற ஆளுக்கு எப்படி?

நியாயமான சந்தேகம். ஹெர்னியாவுக்குத் தமிழ்ல 'குடலிறக்கம்'னு ஒரு அழகான, நேரடியான பேர் இருக்கு. வயித்துச் சுவர்ல ஒரு ஓட்டை விழுது, அது வழியா குடல் கீழே இறங்குது, வெளியே ஒரு வீக்கமா தெரியுது. இருமினா பெருசாகும், படுத்தா உள்ளே போயிடும். பேர்லயே நோய் இருக்கு.

ஆனா ஸ்போர்ட்ஸ் ஹெர்னியாவுல குடல் இறங்கவே இல்லை. ஓட்டை இல்லை. வீக்கம் இல்லை. வலி மட்டும் இருக்கு. நம்ம கதையே இந்த முரண்பாட்டுல இருந்துதான் ஆரம்பிக்குது.

கடலூர்ல ஆரம்பிப்போம்

இதை மூனிச்ல இருந்து சொல்லாம கடலூர், சிதம்பரத்துல இருந்து சொல்லப் போறேன். ஏன்னா இந்த வலி நட்சத்திர வீரர்களோட வலி இல்லை. வேகமா ஓடி, டக்குனு நின்னு, திசை மாத்தி, காலை வீசி உதைக்கிற எல்லாருக்கும் வரக்கூடியது. கால்பந்து, ஹாக்கி, கபடி, வேகப்பந்து வீச்சுன்னு எல்லாத்துலயும் இந்த அசைவு இருக்கு.

கடலூர் மாவட்டத்துல விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்கு ஊர் கபடி டீம். 2004 சுனாமி தேவனாம்பட்டினம் மாதிரி மீனவ கிராமங்களைப் புரட்டிப் போட்ட பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களோட பெண்பிள்ளைகளைச் சேர்த்து கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினாங்க. 2018ல தமிழ்நாடு மகளிர் அணி, அந்த விளையாட்டுல அசைக்க முடியாத மணிப்பூரை இறுதிப் போட்டியில ஜெயிச்சு முதல் தடவையா தேசிய சாம்பியன் ஆனப்போ அந்த அணியில இந்துமதியும் இருந்தாங்க.

இப்ப ஒரு கபடி ரெய்டரைக் கற்பனை பண்ணிக்குங்க. வயசு 20. போனஸ் கோட்டைத் தொட காலை நீட்டும்போது தொடை இடுக்குல சுருக்குன்னு ஒரு வலி. ரெண்டு வாரம் ஓய்வு எடுக்கறான், சரியாகுது. திரும்ப களத்துல இறங்கின மூணாவது நாள் அதே வலி. இருமினா வலி, படுக்கையில புரண்டா வலி. வலி எங்கன்னு கோச் கேட்டா, கூச்சத்துல 'தொடை பிடிச்சிருக்குண்ணே'ன்னு சொல்லி முடிச்சிடுவான். ஸ்கேன் எடுத்தா 'ஒண்ணும் இல்லை'ன்னு ரிப்போர்ட் வருது. அடுத்து டீம்ல என்ன பேசுவாங்க? 'மேட்ச்னா பயம். நடிக்கிறான்.'

இந்தக் கதையில உண்மையான ஆபத்து அதுதான். வலிக்குப் பேர் இல்லைன்னா, வலிக்கிறவன் பொய்யனாயிடறான்.

நடராஜர் தூக்கிய கால்

வலி எங்க இருந்து வருதுன்னு புரிய சிதம்பரம் வரைக்கும் போயிட்டு வருவோம். கடலூர்ல இருந்து பஸ் ஏறினா ரொம்ப தூரம் இல்லை. நடராஜர் சிலையை மனசுல கொண்டு வாங்க. வலது கால் முயலகன் மேல ஊன்றியிருக்கு. இடது கால் தூக்கி, உடம்புக்குக் குறுக்கா வலது பக்கம் வீசியிருக்கு.

அந்தக் காலைக் குறுக்கா இழுக்கிறது உள்தொடைத் தசைகள். டாக்டர்கள் அதை அடக்டர்னு சொல்வாங்க. கால் வீசும்போது உடம்பு சுழன்று விழாம பிடிக்கிறது அடிவயித்துத் தசைகள். இந்த ரெண்டு கூட்டமும் வந்து சேர்ற இடம் ஒண்ணுதான். தொப்புளுக்கு நேர் கீழே, இடுப்புக் கூட்டோட முன்பக்கம் இருக்கிற பியூபிக் எலும்பு. வயித்துத் தசை மேலே இழுக்குது, தொடைத் தசை கீழே இழுக்குது. நடுவுல அந்த எலும்பு, கயிறு இழுக்கிற போட்டியில நடுவுல கட்டின துணி மாதிரி.

இதுக்குப் பக்கத்துலயே இங்குவினல் கால்வாய்னு ஒரு குறுகலான பாதை இருக்கு. ஆண்களுக்கு விதைப்பைக்குப் போற நாளங்கள் இது வழியாத்தான் போகும். சாதாரண குடலிறக்கம் வர்றதும் இங்கதான். இந்தக் கால்வாயோட பின்சுவர் மெல்லிசானது. பல வருஷம் இழுபட்டு அந்தச் சுவர் தளர்ந்தா குடல் இறங்காமலேயே வலி வரலாம். பக்கத்துல போற நரம்பு அழுத்தப்பட்டாலும் வலி வரும்.

ஆக, ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்குள்ள எலும்பு, தசைநாண், சுவர், நரம்பு, இடுப்பு மூட்டுன்னு எல்லாம் நெருக்கமா இருக்கு. எது வலிச்சாலும் ஒரே இடத்துல வலிக்கிற மாதிரிதான் தெரியும். டாக்டர்கள் நூறு வருஷம் குழம்பினதுக்குக் காரணம் இதுதான்.

துப்பாக்கி முனைக் கத்தியில ஆரம்பிச்ச அறுவை

1867, ரோம் நகருக்கு வெளியே வில்லா குளோரி. இத்தாலியை ஒன்றிணைக்கணும்னு கரிபால்டி ஆதரவாளர்கள் போராடின காலம். அந்தச் சண்டையில 23 வயசு இளம் டாக்டர் ஒருத்தரோட வலது தொடை இடுக்குல துப்பாக்கி முனைக் கத்தி பாய்ஞ்சது. குடல் வரைக்கும் காயம். பிழைச்சு வந்தார். அவர் பேர் எதுவார்தோ பாசினி.

அதே பாசினிதான் பின்னாடி, குடலிறக்க அறுவை சிகிச்சையையே மாத்தி எழுதினார். 1887ல அவர் தன்னோட முறையை அறிவிச்சார். அதுவரைக்கும் டாக்டர்கள் வெளியே வந்த பையைக் கட்டி விட்டுட்டு முடிச்சிடுவாங்க, பலருக்குத் திரும்ப வரும். பாசினி கால்வாயோட பின்சுவரையே திரும்பக் கட்டினார். 'ஓட்டையை அடைக்காதே, சுவரைச் சரி பண்ணு.' ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா ஆபரேஷனுக்கும் நூறு வருஷம் கழிச்சு இதே யோசனைதான் அடிப்படை ஆச்சு.

ஆனா பாசினி பார்த்தது நிஜமான குடலிறக்கம். வீக்கமே இல்லாத வலி வேற பாதையில வந்துச்சு. 1924ல நியூயார்க்ல எட்வின் பீர்ங்கிற சிறுநீரக அறுவை நிபுணர், ஆபரேஷனுக்குப் பிறகு பியூபிக் எலும்புல வர்ற அழற்சியை எழுதினார். 1932ல இத்தாலிக்காரர் ஸ்பினெல்லி இதே மாதிரி வலியை விளையாட்டு வீரர்கள்ட்ட பார்த்ததா எழுதினார். அப்ப இருந்தே இந்தப் பிரச்சினை விளையாட்டு மைதானத்துல இருந்திருக்கு. கண்டுக்க ஆள்தான் கம்மி.

மூணு கால்பந்து வீரர்கள்

1980, லண்டன். ஜெர்ரி கில்மோர்ங்கிற அறுவை சிகிச்சை நிபுணர்கிட்ட மூணு தொழில்முறை கால்பந்து வீரர்கள் வர்றாங்க. மாசக்கணக்கா ஆட முடியலை. வீக்கம் இல்லை. கில்மோர் திறந்து பார்த்தார். கால்வாய்க்கு முன்னாடி இருக்கிற தசையோட தகடு கிழிஞ்சிருக்கு, சுவர் தளர்ந்திருக்கு. அடுக்கடுக்கா தைச்சு மூடினார். அவங்க திரும்ப ஆடினாங்க. அதுக்கு 'கில்மோர்ஸ் கிரோயின்'னு பேர் வந்துச்சு.

அதுக்கப்புறம் பேர்களுக்குக் குறைவே இல்லை. அமெரிக்காவுல அத்லெட்டிக் பியூபால்ஜியா. ஐஸ் ஹாக்கி ஆடற நாட்டுல ஹாக்கி கிரோயின். பத்திரிகைக்காரங்க வாய்ல ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா. பிறகு ஜெர்மனியில உல்ரிக்க முஷாவெக்ங்கிற பெண் அறுவை நிபுணர், வலை வைக்காம தளர்ந்த பகுதியை மட்டும் தைக்கிற ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. வேற இடங்கள்ல லேப்ராஸ்கோப்பி வழியா வலை வெச்சாங்க.

இதனால என்ன ஆச்சுன்னா, யார்கிட்ட போறீங்களோ அவர் பார்க்கிற நோய் உங்களுக்கு. சர்ஜன் கிட்ட போனா சுவர் பிரச்சினை. எலும்பு டாக்டர்கிட்ட போனா எலும்பு அழற்சி. பிசியோகிட்ட போனா தசைப் பிடிப்பு.

1988ல சுவீடன்ல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. நாள்பட்ட தொடை இடுக்கு வலி இருந்த 21 வீரர்களை எல்லாத் துறை டாக்டர்களும் தனித்தனியா பரிசோதிச்சாங்க. 21ல 19 பேருக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட பிரச்சினை இருந்துச்சு. அதாவது எல்லா டாக்டரும் ஓரளவு சரி. யாருமே முழுசா சரி இல்லை.

ரெண்டு ஆய்வு, ரெண்டு பதில்

இப்ப கதையோட முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 1999ல டென்மார்க்ல பெர் ஹோல்மிக் ஒரு சோதனை பண்ணார். உள்தொடைத் தசை சம்பந்தமான வலி இருந்த 68 ஆண் வீரர்களை ரெண்டு குழுவா பிரிச்சார். ஒரு குழுவுக்கு வழக்கமான வைத்தியம். மசாஜ், லேசர், மின்தூண்டல், ஸ்ட்ரெச்சிங். நம்ம ஊர்லயும் பல இடத்துல இன்னைக்கு வரைக்கும் கொடுக்கிறது இதுதான். இன்னொரு குழுவுக்கு 8 முதல் 12 வாரம் வலுப்படுத்தும் பயிற்சி. கால்பந்தை ரெண்டு பாதத்துக்கு நடுவுல வெச்சு 30 விநாடி அழுத்து, 10 தடவை. அப்புறம் முழங்காலுக்கு நடுவுல. வயித்துத் தசைக்கு, சமநிலைக்குன்னு படிப்படியா.

முடிவு? கடைசி வரைக்கும் இருந்த 59 பேர்ல, பயிற்சி செஞ்ச குழுவுல 23 பேர் வலி இல்லாம பழைய நிலைக்குத் திரும்பினாங்க. மசாஜ் குழுவுல 4 பேர்.

அப்ப ஆபரேஷனே வேண்டாமா? அவசரப்படாதீங்க. 2011ல பின்லாந்துல ஹன்னு பாயனென் குழு இன்னொரு சோதனையை வெளியிட்டாங்க. ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா வகை வலி இருந்த 60 பேர். பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பியில வலை வைக்கிற ஆபரேஷன், பாதிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாத சிகிச்சை. மூணு மாசத்துல ஆபரேஷன் ஆன 30 பேர்ல 27 பேர் விளையாட வந்துட்டாங்க. மத்த 30 பேர்ல 8 பேர்தான்.

ஒரு ஆய்வு பயிற்சிங்குது, ஒரு ஆய்வு ஆபரேஷன்ங்குது. எது பொய்? ரெண்டுமே பொய் இல்லை. ரெண்டு பேரும் பார்த்தது வேற வேற நோய். ஒருத்தர் பார்த்தது கீழே இழுக்கிற தொடைத் தசை. இன்னொருத்தர் பார்த்தது மேலே இருக்கிற சுவர். ரெண்டையும் 'தொடை இடுக்கு வலி'ங்கிற ஒரே பையில போட்டதுதான் பிரச்சினை. பேர் தப்பானா வைத்தியமும் தப்பாகும்.

தோஹாவுல ஒரு நாள்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரெண்டு முயற்சி நடந்துச்சு. பிரிட்டிஷ் ஹெர்னியா சங்கம் மான்செஸ்டர்ல கூடி, 'இது ஹெர்னியாவே இல்லை, அந்த வார்த்தையை விடுங்க'ன்னு சொல்லி, இங்குவினல் டிஸ்ரப்ஷன்னு வேற பேர் வெச்சாங்க. 2014 நவம்பர்ல கத்தாரோட தோஹாவுல 14 நாடுகள்ல இருந்து 24 நிபுணர்கள் உட்கார்ந்தாங்க. அந்தச் சமயத்துல வந்த ஒரு தொகுப்பாய்வு 72 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தா, அதுல 33 வெவ்வேற நோய்ப் பேர் இருந்துச்சு!

தோஹாவுல அவங்க எடுத்த முடிவு ரொம்ப எளிமையானது. ஸ்கேனை வெச்சுப் பேர் வைக்காதீங்க, கையை வெச்சுப் பேர் வைங்க. தொட்டா எங்க வலிக்குது, எந்தத் தசையை எதிர்த்து அழுத்தினா வலிக்குதுன்னு பாருங்க. அதை வெச்சு நாலு வகை. உள்தொடைத் தசை சார்ந்தது. இடுப்பை மடக்கும் தசை சார்ந்தது. இங்குவினல் கால்வாய் சார்ந்தது. பியூபிக் எலும்பு சார்ந்தது. ஒருத்தருக்கு ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம். இடுப்பு மூட்டையும் மத்த காரணங்களையும் தனியா பார்க்கணும். ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா, கில்மோர்ஸ் கிரோயின் மாதிரி பேர்களை இனிமே பயன்படுத்த வேண்டாம்னும் சொன்னாங்க. செய்தித்தாள்கள் கேட்கலை, அது வேற விஷயம்.

நம்ம ரெய்டருக்கு இதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. தோஹா முறைக்கு முதல்ல தேவைப்படறது விலை உயர்ந்த மெஷின் இல்லை. பொறுமையா தொட்டுப் பார்க்கிற ஒரு டாக்டரோ பிசியோவோ. மல்லாக்கப் படுத்து, முழங்காலுக்கு நடுவுல அவங்க முஷ்டியை வெச்சு அழுத்தச் சொல்வாங்க. உள்தொடையில பழகின அந்த வலி வந்தா அது ஒரு துப்பு. எழுந்து உட்கார முயற்சி பண்ணும்போதோ இருமும்போதோ அடிவயித்து ஓரத்துல வலி வந்தா அது வேற துப்பு. எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் எல்லாம் அதுக்கப்புறம், வேற காரணம் இருக்கான்னு பார்க்க. ஸ்கேன் 'நார்மல்'னா வலி பொய்னு அர்த்தம் கிடையாது.

சிதம்பரத்துல இதுக்கான எல்லாமே ஒரே வளாகத்துக்குப் பக்கத்துல பக்கத்துல இருக்கு. 1929ல தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல உடற்கல்வித் துறை இருக்கு. 1985ல வந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அங்கதான். கட்டணம் அதிகம்னு மாணவர்கள் வாரக்கணக்கா போராடின பிறகு, 2021ல அரசு அதைச் சுகாதாரத் துறைக்கு மாத்தி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கிச்சு. சர்ஜன், எலும்பு டாக்டர், பிசியோ, கோச் எல்லாரும் ஒரே வீரரை ஒரே மேசையில உட்கார்ந்து பார்த்தா என்ன தெரியும்ங்கிறதை 1988 சுவீடன் காட்டிடுச்சு. அதுக்கு மூனிச் போக வேண்டியதில்லை.

சிகிச்சை வரிசையும் சிக்கலானது இல்லை. முதல்ல வலி தர்ற அசைவை நிறுத்தணும். முழு ஓய்வு மட்டும் போதாது. ஓய்வுல வலி அடங்கும், ஆனா தசை வலுவாகாது. நம்ம ரெய்டருக்கு மூணாவது நாளே திரும்பி வந்தது அதனாலதான். அடுத்து ரெண்டு மூணு மாசம் படிப்படியான வலுப்படுத்தும் பயிற்சி. அதுக்கும் அடங்காம, பரிசோதனையும் கால்வாய்ச் சுவரையே காட்டினா, அப்ப ஆபரேஷன் பத்திப் பேசலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் அதே பயிற்சிகள் உண்டு.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. வீக்கம் உள்ளே போகாம இறுகி, வாந்தியும் வந்தா அது நிஜ குடலிறக்கம் சிக்கிக்கிட்டதா இருக்கலாம். விதையில திடீர்னு கடுமையான வலி வந்தா மணிக்கணக்குல ஆபத்து. காலை ஊன்றவே முடியலைன்னா எலும்பு விரிசலா இருக்கலாம். இந்த மூணுக்கும் கூச்சப்படாம உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

வராம தடுக்கவும் வழி இருக்கு. 2019ல வெளியான நார்வே ஆய்வு, 35 கால்பந்து அணிகள். பாதி அணிகள் கோபன்ஹேகன் பயிற்சின்னு ஒண்ணே ஒண்ணைச் செஞ்சாங்க. பக்கவாட்டுல முழங்கையை ஊன்றிப் படுக்கணும். மேல் காலை நண்பன் பிடிச்சுக்குவான். அந்தக் காலோட பலத்துல உடம்பைத் தூக்கி, கீழ் காலை மேல கொண்டு போய் சேர்க்கணும். சீசனுக்கு முன்னாடி வாரம் மூணு தடவை, சீசன்ல வாரம் ஒரு தடவை. அந்த அணிகள்ல தொடை இடுக்குப் பிரச்சினை 41 சதவீதம் குறைவா இருந்துச்சு. செலவு? ஒரு பாய், ஒரு நண்பன். தேவனாம்பட்டினம் மணல்லயே செய்யலாம்.

கடைசியா ஒரு விஷயம். இன்னைக்குச் சொன்ன ஆய்வுகளைத் திரும்பப் பாருங்க. ஹோல்மிக்கோட 68 பேரும் ஆண்கள். நார்வே அணிகளும் ஆண்கள் அணிதான். இந்த வலி ஆண்களுக்கு அதிகம்ங்கிறது உண்மை. ஆனா பெண்களுக்கு வராதுன்னு இல்லை. ஒரு பொண்ணு அடிவயித்துல வலின்னு சொன்னா, மாதவிடாய் வலியா இருக்கும்னு முடிச்சிடறது ரொம்ப சுலபம். கடலூர் மாதிரி, பொண்ணுங்க கால்பந்துல பேர் எடுத்த ஒரு ஊர்ல அந்தக் கேள்வியை முதல்ல கேட்டிருக்கணும். உள்தொடை, அடிவயிறு, தொடை இடுக்குன்னு இடத்தைத் தெளிவா சொல்ற பழக்கம் பசங்களுக்கும் வேணும், பொண்ணுங்களுக்கும் வேணும். கோச்சுங்களுக்கு அதைக் கேட்கிற காது வேணும்.

நிபுணர்கள் பேர் வெச்சு முடிக்க நூறு வருஷம் ஆச்சு. உங்க டீம்ல ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா, அதை நம்ப ஒரு நிமிஷம் போதும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.